கடுக்காய் கொடுத்த கதை

கடன் வாங்கிய ஒருத்தன் போனை எடுக்காமல் விட்டால், 'எனக்குக் கடுக்காய் குடுத்துட்டான்' என்கிறோம். கத்தரிக்காய், வாழைக்காய் எல்லாம் இருக்க, ஏமாற்றுவதற்கென்று நம் ஆட்கள் கடுக்காயைத்தான் பிடித்திருக்கிறார்கள். திரிபலா சூரண டப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். தாடி வைத்த முனிவர், பின்னால் பனிமலை, கீழே 5000 ஆண்டு ரகசியம் என்றொரு வரி. உள்ளே இருப்பது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும். கொட்டையை நீக்கி, காயவைத்து, இடித்து, சம அளவில் கலந்த பொடி. மலச்சிக்கல், வயிற்று உப்புசம், செரிமானக் கோளாறு என்று எதற்கும் ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்நீரில்.

பொடியோடு எனக்குச் சண்டை இல்லை. டப்பாமேல் அச்சடித்த வரலாற்றோடுதான். அந்த முனிவர் படம் இரண்டு விஷயங்களை மறைக்கிறது. இந்தப் பொடி எத்தனை கை மாறி வந்தது என்பது ஒன்று. மருந்துக்கு வெளியே இந்தக் காய் என்ன வேலை பார்த்தது என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தெரிந்துகொள்வது உடம்புக்கே நல்லது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினம். புதுக்கோட்டை என்றால் குடுமியான்மலை, சித்தன்னவாசல் என்று பாறைகளை மட்டும் நினைப்பவர்களுக்கு, அந்த மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நான் விளக்க வேண்டியிருக்கிறது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை எங்கள் கரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் நடுவே, பக்கத்தில் ஜெகதாப்பட்டினம். விசைப்படகு, ஐஸ் பெட்டி, இறால், நண்டு, ஐந்து வேளை பாங்கு. எதிரே பாக் நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் இலங்கை.

இந்த மணலில் கடுக்காய் மரம் வளராது. அது மலைக்காட்டு மரம். கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் பக்கம் போனால் பார்க்கலாம். தான்றியும் அப்படித்தான். ஆக, எங்கள் ஊரில் ஒரு வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுக்காய் இருந்தால் அது வெளியூர்ச் சரக்கு. மாட்டு வண்டிக் காலத்திலும் சரி, லாரிக் காலத்திலும் சரி, யாரோ ஒரு வியாபாரி கொண்டுவந்தது.

கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அங்கே அரைமணி நேரம் நின்றிருந்தேன். ஒரு அம்மா வந்து 'கடுக்காய்ப் பொடி, பிள்ளைக்கு வெளிக்கிப் போகல' என்று கேட்டார். ஒரு பையன் 'திரிபலா இருக்கா?' என்றான். பெரியவர் ஒருவர் ஒரு சீட்டை நீட்டினார். தஞ்சாவூரில் யாரோ ஒரு யுனானி டாக்டர் எழுதிக் கொடுத்தது. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, 'இது லேகியமா வரும், இங்க இல்ல. இத்ரிஃபல்னு கேளுங்க, சென்னைல கிடைக்கும்' என்றார்.

'இத்ரிஃபல்னா என்ன பாய்?'

'நீ இப்ப பார்த்தியே தம்பி, அந்தத் தம்பி வாங்கிட்டுப் போச்சே திரிபலா, அதேதான். தேன்ல கிண்டுனது. பேரு மட்டும் அரபி.'

கடைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. இத்ரிஃபல் என்ற அரபிச் சொல் 'திரிபலா'விலிருந்து போனது. அரபியில் ப இல்லை, அதனால் ஃப ஆயிற்று. 'த்ரி' என்று மெய்யெழுத்துகளைக் கோத்து ஒரு சொல்லைத் தொடங்க அரபி நாக்கு ஒப்பாது. தமிழ் நாக்கும் ஒப்பாது. நாம் நடுவில் ஒரு இகரத்தைச் செருகி 'திரி' என்றோம். அவர்கள் முன்னால் ஒரு இகரத்தை ஒட்டி 'இத்ரி' என்றார்கள். நம் ஊரில் ஸ்கூலை இஸ்கூல் ஆக்குவார்களே, அதே வேலை.

இந்தச் சொல் போன வழியும் ஓரளவு தெரியும். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாக்தாதில் அப்பாஸிய கலீபாக்களின் அமைச்சர்களாக இருந்த பர்மகி குடும்பத்தார் இந்திய வைத்தியத்தில் ஆர்வம் காட்டினார்கள். யஹ்யா இப்னு காலித் என்ற அமைச்சரின் ஏவலில், மன்கா என்ற இந்திய வைத்தியர் சுசுருத சம்ஹிதையைப் பெயர்த்துச் சொன்னதாகப் பத்தாம் நூற்றாண்டில் நூல் பட்டியல் தொகுத்த இப்னு நதீம் குறித்துவைத்திருக்கிறார். சுமார் 850இல் அலீ இப்னு ரப்பன் தபரி என்பவர் எழுதிய அரபி மருத்துவ நூலில் இந்திய வைத்தியத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிறகு அரபி, பாரசீக ஹக்கீம்களின் மருந்துப் பட்டியலில் இத்ரிஃபல் நிரந்தர இடம் பிடித்தது. பல நூற்றாண்டு கழித்து அந்த ஹக்கீம்களின் வைத்தியம் யுனானி என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது, திரிபலாவும் வேஷம் மாற்றித் திரும்பி வந்தது. யுனானி என்றால் கிரேக்கம். கிரேக்கப் பெயருள்ள வைத்தியத்தில், அரபிப் பெயருள்ள மருந்தில், நம் காட்டுக் கடுக்காய்.

கடுக்காய்க்குத் தனியாகவும் ஒரு பயணம் உண்டு. அரபியில் ஹலீலஜ். இதுவும் 'ஹரீதகீ' என்ற சமஸ்கிருதச் சொல் பாரசீகம் வழியாகப் போய்த் தேய்ந்தது. காபூல் வழியாக வந்த பெருங்கடுக்காய்க்கு மேற்கே மவுசு அதிகம். அதனால் அதற்குக் காபூலி என்று பெயர் விழுந்து, அதுதான் பின்னால் தாவரவியலில் 'டெர்மினாலியா செபுலா' என்பதில் செபுலாவாக ஒட்டிக்கொண்டது. கொல்லிமலைக் காய்க்குக் காபூல் இனிஷியல். கெய்ரோவில் ஒரு யூதக் கோயிலின் அறையில் கிடைத்த பழைய வணிகக் கடிதங்களில் கடுக்காய் மூட்டைகள் மிளகோடும் சாயப்பொருள்களோடும் விலை பேசப்படுகின்றன. கிழக்கே ஜப்பானில், 756இல் நாராவின் தோதாய்ஜி கோயிலுக்கு அரசி காணிக்கை தந்த 60 மருந்துகளின் பட்டியலில் கடுக்காய் இருக்கிறது. பௌத்தம் போன இடமெல்லாம் இந்தக் காயும் போனது. திபெத்திய ஓவியங்களில் மருத்துவ புத்தர் கையில் இருப்பது கடுக்காய்ச் செடிதான்.

எங்கள் கரையிலிருந்து எத்தனை மூட்டை ஏறியது என்பதற்குக் கணக்கு வைக்க நான் வரவில்லை. ஆனால் வடக்கே அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், தெற்கே தொண்டி, கீழக்கரை என்று துறைமுகம் துறைமுகமாகக் கோத்த கரை இது. அரபியும் தமிழும் ஒரே வாயில் புழங்கிய, தமிழையே அரபி எழுத்தில் எழுதிய கரை. 'பேரு மட்டும் அரபி' என்று ஒரு கடைக்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பொட்டலம் மடிப்பதற்குப் பின்னால் ஆயிரம் வருடப் போக்குவரத்து இருக்கிறது. டப்பாவின் பனிமலைக்கு இது எதுவும் தெரியாது.

இலக்கிய வாசகர்களுக்கு இடையில் ஒன்று. மருந்துப் பொடியின் பெயரை நீதிநூலுக்கு வைத்த மொழி நம்முடையது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தது திரிகடுகம். இன்றும் அஜீரணத்துக்கு அதுதான் கைமருந்து. அந்தப் பெயரில் நல்லாதனார் பாட்டுக்கு மூன்று செய்தியாக நூறு வெண்பா எழுதினார். கணிமேதாவியாரின் ஏலாதி ஏலம் முதலான ஆறு சரக்கு. காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர். மூன்றுமே பதினெண்கீழ்க்கணக்கில் வருபவை. பெயரைச் சொன்னாலே வாசகனுக்குப் புரியும் அளவுக்கு இந்தக் கலவைகள் அன்றைக்கே வீட்டுப் பொருளாக இருந்திருக்க வேண்டும். திரிபலாவுக்கு மட்டும் யாரும் நூல் எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். மலச்சிக்கலுக்கு நீதி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லைபோல.

சரி, இவ்வளவு கலந்து கிடந்த ஒரு பொடி 'ஆயுர்வேதம்' என்ற ஒரே முத்திரைக்குள் எப்போது போனது? பெரும்பகுதி நூறு வருடத்துக் கதைதான், அதுவும் சென்னையில் நடந்தது.

1918இல் மதராஸ் அரசாங்கம் நாட்டு மருந்துகளைச் சோதித்துப் பார்க்க டாக்டர் எம். சி. கோமனை நியமித்தது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேல்நாட்டு மருத்துவம் படித்தவர். சில மருந்துகள் பரவாயில்லை, ஆனால் அதன் பின்னுள்ள சாஸ்திரம் அறிவியல் ஆகாது என்கிற ரீதியில் அவர் அறிக்கை போக, வைத்தியர்கள் கொதித்தார்கள். 1921இல் இன்னொரு குழு. தலைவர் முகமது உஸ்மான், செயலாளர் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி. உஸ்மான் சாகிப் பின்னால் 1934இல் மூன்று மாதம் மதராஸ் கவர்னராகவே இருந்தவர். மாகாணம் முழுக்க வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேள்வி கேட்டு 1923இல் அறிக்கை வந்தது. நாட்டு வைத்தியம் அறிவியல்தான் என்றது அது. 1924இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அங்கே சொல்லித் தரப்பட்டன.

நல்ல காரியம்தான். ஆனால் ஒரு அரசாங்கம் எதையாவது அங்கீகரிக்க வேண்டுமென்றால் அதற்கு முதலில் பத்தி பிரிக்க வேண்டும். டேட்டாபேஸ் வடிவமைக்கும் வேலையில் இருப்பதால் எனக்கு இது நன்றாகவே புரியும். ஒரு பொருள் ஒரு வகைக்குள்தான் இருக்கலாம் என்று விதி வைத்துவிட்டால், மூன்று வீட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு மூன்று ஆதார் அட்டை போட வேண்டிவரும். 1940இன் மருந்துச் சட்டத்தில் நாட்டு மருந்துகளுக்கான அத்தியாயத்தை 1964இல் சேர்த்தார்கள். அதில் ஆயுர்வேதம் என்று எழுதி, சித்தத்தை அதற்கு 'உட்பட்டதாக' அடைப்புக்குறிக்குள் போட்டு, யுனானியைத் தனியே வைத்தார்கள். அடைப்புக்குறியை உடைத்துச் சித்தம் வெளியே வர 1982இன் திருத்தம் தேவைப்பட்டது. 18 வருடம் ஒரு மருத்துவம் அடைப்புக்குறிக்குள் குடியிருந்திருக்கிறது. தமிழர்கள் இதற்கு ஒரு போராட்டமாவது நடத்தியிருக்கலாம்!

இன்று அரசு சித்த மருத்துவப் பிரிவில் கொடுத்தால் அது சித்த மருந்து. டப்பாவில் வந்தால் ஆயுர்வேதம். தேனில் கிண்டினால் யுனானி. 2001இல் மத்திய அரசு பாரம்பரிய அறிவு மின்நூலகம் ஒன்றைத் தொடங்கியது. மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து 1997இல் ரத்து செய்யவைத்த அனுபவத்துக்குப் பின் வந்த யோசனை. சமஸ்கிருதம், தமிழ், அரபி, பாரசீகம், உருது நூல்களில் உள்ள மருந்துகளை ஐந்து அயல்மொழிகளில் தொகுத்து, காப்புரிமை அலுவலகங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு கடுக்காய்க்காக இத்தனை மொழி நூல்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது என்பதே, அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்பதற்கு அத்தாட்சி.

இனி, மருந்துக்கு வெளியே கடுக்காய்.

1742இல் புதுச்சேரிப் பக்கம் இருந்த கர்தூ என்ற பிரெஞ்சு பாதிரியார் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை ரொம்ப முன்னதாகவே கவனித்தவர் என்று மொழியியல் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதம் மொழியைப் பற்றியது கிடையாது. துணிக்குச் சாயம் போடுவதைப் பற்றியது. ஐரோப்பாவே பைத்தியம் பிடித்து வாங்கிய சோழமண்டலக் கரைத் துணியின் சாயம் துவைத்தாலும் ஏன் போவதில்லை என்று இங்குள்ள சாயக்காரர்களிடம் விசாரித்து எழுதினார். தொழில் வேவு என்று சொன்னாலும் தப்பில்லை. அவர் விவரிக்கும் முதல் கட்ட வேலைகளில் ஒன்று, துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் ஊறவைப்பது.

இன்றும் கலம்காரிக்கு இதைத்தான் செய்கிறார்கள். கடுக்காயில் ஏராளமாகத் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. டானின் என்பார்கள். துணியின் நூலை அது பிடித்துக்கொள்ளும். பிறகு துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்து எடுத்த கரைசலைத் தொட்டுக் கோடு இழுப்பார்கள். தொடும்போது கரைசலுக்குப் பெரிதாக நிறம் இருக்காது. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். டானினும் இரும்பும் கைகோத்தால் வரும் கறுப்பு அது. தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது. படிகாரம் தொட்ட இடத்தில் சாயவேர் போட்டுக் காய்ச்சினால் சிவப்பு. கறுப்பும் சிவப்பும் கடுக்காய் இல்லாமல் நிற்காது.

அதே கறுப்புதான் கடுக்காய் மை. அதே பிடிமானம்தான் தோல் பதனிடுவதிலும். டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவதால் தோல் அழுகாமல் செருப்பாகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மதராஸ் தோல் ஒரு காலத்தில் லண்டன் சந்தையில் பெயர் வாங்கியது. 20ஆம் நூற்றாண்டில் குரோமிய உப்பு வந்து அந்த இடத்தைப் பெருமளவு பிடித்தது. குரோம்பேட்டையின் பெயரே அந்தக் குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான். எங்கள் மாவட்டத்தின் மேற்கே, செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப் பூச்சிலும் சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய தண்ணீர் உண்டு. துணி, தோல், சுவர், எழுத்து என்று நாலு இடத்திலும் ஒரே குணம். போய் ஒட்டிக்கொள்ளும், விடாது.

வயிற்றுக்குள் போனால் மட்டும் இந்தக் குணம் மாறிவிடுமா?

கடுக்காய்க்கு உப்பு நீங்கலாக ஐந்து சுவையும் உண்டு என்கின்றன பழைய நூல்கள். கடித்துப் பார்த்தால் முதலில் தெரிவது துவர்ப்பு. நாக்கில் எச்சிலின் புரதத்தை டானின் பிடித்து இழுப்பதைத்தான் நாம் துவர்ப்பு என்கிறோம். துவர்ப்பு வயிற்றைக் கட்ட வேண்டும், ஆனால் கடுக்காய் இளக்குகிறது. காரணம், நிலாவாரையில் இருப்பதைப் போன்று குடலைத் தூண்டும் சில பொருள்கள் இதிலும் இருப்பது. அளவைப் பொறுத்து இளக்கவும் செய்யும், கட்டவும் செய்யும். திரிபலாவை மனிதர்களிடம் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, பெரும்பாலும் சிறியவை. மலச்சிக்கலுக்கு உதவுகிறது என்பது நம்பக்கூடியது. டப்பாவில் எழுதியிருக்கும் சர்க்கரை, கொழுப்பு, கேன்சர் எல்லாம் வியாபாரம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலச்சிக்கல் வந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ பொடியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டப்பாவில் எழுதாத ஒன்று இரும்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அவர்களில் எத்தனையோ பேர் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறார்கள். அந்த மாத்திரைக்கு மலச்சிக்கல் ஒரு வழக்கமான பக்கவிளைவு. மலச்சிக்கலுக்கு அடுத்த வீட்டு அக்கா சொல்லும் மருந்து திரிபலா. மாத்திரையின் இரும்பை டானின் பிடித்துக்கொண்டால் உடம்புக்கு அது சேர்வது குறையும். டீ, காபியோடு அந்த மாத்திரையைப் போடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான். டீயைவிடப் பலமடங்கு துவர்ப்பான கடுக்காயைப் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. அது மருந்துக் கணக்கிலேயே வராதே, வெறும் பொடி.

என் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9. ராத்திரி படுக்கப் போகுமுன் மாத்திரை, அதே தம்ளர் வெந்நீரில் சூரணம். 'ரெண்டையும் ஒரே மடக்குல முடிச்சா மறக்காதுல்ல' என்பது அவருடைய நியாயம். ஆறு மாதமாக எண் நகரவில்லை. நான் டானின், இரும்பு என்று ஆரம்பித்ததும், 'முனிவர் சொன்னது தப்பு, நீ கம்ப்யூட்டர்ல பார்த்தது சரியா?' என்றார். கர்தூ பாதிரியார், கலம்காரி எதுவும் எடுபடவில்லை.

கடைசியில் அவருடைய தலைமுடிதான் உதவிக்கு வந்தது. மாதம் ஒருமுறை மருதாணியோடு கடுக்காய்ப் பொடியைக் குழைத்துத் தலைக்குப் போடுகிறவர். அதை எதில் ஊறவைப்பார் என்று கேட்டேன்.

'இரும்புச் சட்டிலதான். எவர்சில்வர்ல வச்சா கறுக்காதுடா.'

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்.

'அப்ப ராத்திரி ராத்திரி வயித்துக்குள்ள டை அடிச்சுக்கிட்டு இருக்கேங்கிறியா?'

மறுநாள் டாக்டரிடம் கேட்டோம். இப்போது மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைத் தண்ணீரோடு. சூரணம் ராத்திரி. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.